வண்டலூர் ஹெரால்டை வீட்டிலேயே மீட்பது: சேஸி முதல் டியூனிங் வரை

விலை பேசப் போன இடத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் பானெட்டைத் தூக்கி இன்ஜினைப் பார்ப்பதற்கு முன், ஒரு சாக்கை விரித்துத் தரையில் படுத்து அடியில் பாருங்கள். இன்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் லேத் பட்டறையில் சரி செய்துவிடலாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸி அழுகியிருந்தால் மொத்தச் செலவும் மொத்த உழைப்பும் அங்கேதான் போகும்.

வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் இந்த வண்டி உருவானது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோத்தி. பின்னால் வந்த நான்கு கதவு மாடல் இந்தியாவுக்கென்றே செய்தது. 948 சி.சி., நான்கு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் (போர்) 63 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் (ஸ்ட்ரோக்) 76 மி.மீ. வீட்டில் வேலை பார்ப்பவருக்கு இதைவிடத் தோதான பழைய கார் கிடைப்பது கடினம். சேஸி தனி, பாடி தனி. பாடியும் துண்டு துண்டாகப் போல்ட்டில் நிற்கிறது. மட்கார்டும் பானெட்டும் ஒரே கூடாக முன்பக்கம் கவிழ்வதால், சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

காகிதம் முதலில்

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸி எண், இன்ஜின் எண் இரண்டும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. "விஏ" வரிசையில் எண் கிடைக்கும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவு 5,000 ரூபாய். சேஸியிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு இந்த விதி பொருந்தாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. வேறு இன்ஜின் மாட்டவோ சேஸியை வெட்டிக் குட்டையாக்கவோ எண்ணம் இருந்தால், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

துருவைத் தேடுவது

ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், ஒரு சின்னக் காந்தம், ஒரு டார்ச். இவை போதும். சேஸியின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கை நீட்டியதுபோல் வரும் அவுட்ரிகர்களைக் குத்திப் பாருங்கள். ஹெரால்டில் முதலில் அழுகுவது அவைதான். அடுத்து டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவில் உள்ள கியர் பெட்டி) தாங்கும் இடம், டிக்கியின் கீழே வரும் கைகள், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடு (சில்), ஸ்டெப்னி வைக்கும் குழி, ஹெட்லைட்டைச் சுற்றிய மட்கார்டு உட்பகுதி. காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள்.

திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். பக்கம் வருடக்கணக்கில் நின்ற வண்டியில் உப்புக்காற்று மேலிருந்து தின்றிருக்கும். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை பக்கத்து வண்டி என்றால் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் எங்கே நின்றது என்று கேளுங்கள். வெள்ளத்தில் நின்றதா என்பதை டிஃபரன்ஷியல் ஆயிலே காட்டிக் கொடுக்கும். ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அப்போது பிரேக் சிலிண்டர், வீல் பேரிங், ஒயரிங் என எல்லாவற்றையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பிரிக்கும்போது எண்ண வேண்டியவை

பாடிக்கும் சேஸிக்கும் இடையே ஒவ்வொரு போல்ட்டிலும் ரப்பர் பேடும் தகட்டு வாஷரும் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று, இன்னொரு இடத்தில் மூன்று என்று மாறும். தொழிற்சாலையில் கதவு இடைவெளியைச் சரி செய்ததே அந்த வாஷர்களால்தான். எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, இடம் குறித்த தனித்தனிப் பையில் போடுங்கள். இதை எழுதாமல் பிரித்துவிட்டு, பின்னால் கதவு மூடவில்லை என்று கீலை வளைப்பது இந்த வண்டியில் அடிக்கடி நடக்கும் தவறு.

பாடியைத் தூக்கும் முன் கதவு வாசலில் 25 மி.மீ. ஆங்கிளைக் குறுக்காக வைத்துத் தற்காலிகமாக டேக் வெல்டு போட வேண்டும். சில் அழுகிய பாடியை அப்படியே தூக்கினால் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. டிக்கியில் உள்ள பெட்ரோல் டேங்கை முதல் நாளே கழற்றி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். காலி டேங்கில் தங்கும் ஆவி, நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. இன்ஜினையும் கண்ணாடிகளையும் இறக்கிய பிறகு பின்பாடியை ஐந்தாறு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்.

சேஸி தனியானதும், சமதளத் தரையில் நான்கு ஸ்டாண்டில் வைத்து, முக்கியமான துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். மூலைக்கு மூலை இரண்டு அளவும் எடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்கு மேல் போனால் எங்கோ இடித்த வண்டி. அதை நேராக்காமல் மேலே வேலை தொடங்காதீர்கள்.

கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதிகளில் சேண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துரு எடுப்பது) செய்பவர்கள் இருக்கிறார்கள். சேஸிக்கு மட்டும் அது. கதவு, பானெட் போன்ற மெல்லிய தகடு அந்த வேகத்தில் அலையலையாக நெளிந்துவிடும். அவற்றுக்குப் பெயிண்ட் ரிமூவரும் உப்புத்தாளும் போதும். அவுட்ரிகருக்கு 16 கேஜ் தகடு, பாடிக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட். வெல்டிங் சி.ஓ.2 மெஷினில். சாதாரண ஆர்க் வெல்டிங் பாடித் தகட்டில் ஓட்டை போடும். பழைய அவுட்ரிகர்களை ஒரே நேரத்தில் எல்லாம் வெட்டி எடுக்காமல், ஒன்றை வெட்டி, புதியதை வைத்து, அளவு பார்த்து, டேக் போட்ட பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பிளாஸ்ட் செய்த இரும்பு சென்னைக் காற்றில் ஒரே இரவில் சிவந்துவிடும் என்பதால் அன்றைக்கே துத்தநாக பிரைமர் அடிக்க வேண்டும். பெயிண்ட் எல்லாம் முடிந்தபின் பெட்டிக் குழாய்களின் உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடிப்பது நல்லது. உள்ளிருந்து வரும் துருதான் வெளியே தெரியாமல் தின்கிறது.

முன் சக்கரம்: கிரீஸ் அல்ல, ஆயில்

இந்தப் பகுதியில் உயிர் இருக்கிறது. ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவது ஒரு மரையில். கீழே டிரன்னியன் என்ற வெண்கலக் கூடு, அதற்குள் மரை வெட்டிய எஃகுத் தண்டு. இந்த மரைக்கு இ.பி.90 கியர் ஆயில் விட வேண்டும். பெரும்பாலான சர்வீஸ் ஸ்டேஷன்களில் ஆயில் விடும் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைக்குள் ஓடாது, ஓரத்தில் இறுகிவிடும். மரை காய்ந்து, மழைத்தண்ணீர் புகுந்து, தண்டு துருவேறி, ஒருநாள் வளைவில் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் மடங்கி மட்கார்டுக்குள் போய்விடும்.

எனவே வாங்கிய வண்டி எதுவாயினும் இரண்டு பக்கமும் பிரித்துப் பாருங்கள். தண்டை மண்ணெண்ணெயில் கழுவி, மரையின் அடிப்பகுதியில் குழி விழுந்திருக்கிறதா, மரை முனை கூர்மையாகத் தேய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குழி இருந்தால் வெல்டு வைத்து நிரப்பி லேத்தில் மரை போடும் யோசனையே வேண்டாம், தண்டையே மாற்றுங்கள். டிரையம்ப் ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் வண்டிகளுக்காக இங்கிலாந்தில் இன்றும் புது டிரன்னியன் செட் செய்கிறார்கள். இந்த ஒரு பாகத்துக்கு சுங்கவரி கட்டி வரவழைப்பது தகும். இடது, வலது மரை ஒன்றுக்கொன்று எதிர்த்திசை, மாற்றிப் போட முடியாது.

மாட்டும்போது தண்டை டிரன்னியனுக்குள் முழுவதும் முறுக்கி, பிறகு அதிகபட்சம் ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி, திசை சரியாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். முழுக்க முறுக்கிய நிலையிலேயே விட்டால் ஸ்டியரிங்கை ஒரு ஓரத்துக்கு ஒடிக்கும்போது மரை அடியில் போய் முட்டும். கடைசியாக, கிரீஸ் கன்னைச் சுத்தமாகக் கழுவி அதில் இ.பி.90 ஊற்றி, மேல் சீல் ஓரத்தில் ஆயில் கசியும்வரை அழுத்துங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். சென்னையில் அதற்குத் தோதான மாதங்கள் ஜூனும், மழை ஓய்ந்த ஜனவரியும்.

தேய்மானம் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் டிரன்னியனோ மேலுள்ள பால் ஜாயிண்டோ.

பின் அச்சு

பின்னால் ஒரே குறுக்குக் கட்டுப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), இருபுறமும் தனித்தனியாக ஆடும் அரை அச்சு. இதன் குணம் தெரியாமல் ஓட்டக் கூடாது. வளைவில் வேகமாகப் போய் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பகுதி எழும்பி, வெளிச்சக்கரம் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறையுங்கள். இந்த அமைப்பு இங்கே பலருக்குப் பிடிக்காததால்தான் அதே கம்பெனி பின்னால் கொண்டுவந்த கெஸல் காரில் ஒற்றை முழு அச்சு வைத்தார்கள்.

பட்டை தொய்ந்திருந்தால் பின்சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். பட்டையைக் கழற்றிக் கொல்லுப் பட்டறையில் வளைவு ஏற்றலாம், இலைகளுக்கிடையே உள்ள ரப்பர் பொத்தான்களைப் புதிதாகப் போடுங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் இருக்கும்போது இறுக்கிவிடாதீர்கள். சக்கரம் தரையில் நின்று, வண்டியை நாலடி முன்னும் பின்னும் உருட்டி, முழு எடையும் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று ஆறு மாதத்தில் கிழியும்.

பிரேக் நான்கும் டிரம். வீல் சிலிண்டரின் உட்புறத்தில் நகம் தட்டும் அளவு குழி இருந்தால் புது ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது சிலிண்டரையே மாற்ற வேண்டும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். மிதித்து விட்டபின் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது அதன் அடையாளம். எல்லா ஹோஸும் புதிது போடுங்கள். டயர் பழைய 5.20-13-க்குப் பதில் 145/80 ஆர்13 ரேடியல் பொருந்தும்.

இன்ஜினைத் திறக்கும் முன்

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை, கேஜ் வைத்துப் பாருங்கள். நான்கு பிளக்கும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நிற்கிறதா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்.

அடுத்து கிராங்க் ஷாஃப்ட். ஒருவர் கிளச்சை மிதித்து விடட்டும், நீங்கள் முன்பக்கப் புல்லியைப் பாருங்கள். முன்பின்னாக நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் ஆபத்து. டயல் கேஜ் வைத்து 0.2 மி.மீ.க்கு மேல் காட்டினால் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரை மாற்றிவிட்டுத்தான் இன்ஜினை ஓட்ட வேண்டும். இந்தக் குடும்ப இன்ஜின்களின் பலவீனம் இது. அரைவட்ட வாஷர் தேய்ந்து சம்ப்புக்குள் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) விழுந்துவிட்டால் கிராங்க் நேரே பிளாக்கை அறுக்கும். சிக்னலில் நிற்கும்போது கிளச்சை மிதித்தே வைத்திருக்கும் பழக்கம் இதை விரைவுபடுத்தும்.

ஹெட்டைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டைக் கவனியுங்கள். இந்த இன்ஜின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. நாட்டில் 2000-ல் ஈயப் பெட்ரோல் நின்றுவிட்டது. மென்மையான வார்ப்பிரும்புச் சீட் சூட்டில் தேய்ந்து வால்வு மேலே மேலே ஏறும். எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே உள்ளது) மட்டும் அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் இதுதான் காரணம். லேத் பட்டறையில் கடினச் சீட் பதித்துவிட்டால் ஒரே தடவையில் பிரச்சினை தீரும். ஹெட்டைத் திரும்பப் போடும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தவணையில், டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். சம்ப்புக்குச் சுமார் 4 லிட்டர் 20டபிள்யூ50 மினரல் ஆயில். கியர்பாக்ஸுக்கு ஜி.எல்.4 ரகம் பாருங்கள், ஜி.எல்.5 ரகத்தின் ரசாயனம் பழைய பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும்.

பாகம் தேட: பழையது புதுப்பேட்டையில், புதியது ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். கழற்றிய பாகத்தைக் கையோடு எடுத்துப் போங்கள்.

சூடு, பெட்ரோல்

மே மாதத்தில் ஜி.எஸ்.டி. சாலையில் ஊர்ந்து போகும் ஹெரால்டு கொதிக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளாக்கின் பின்பகுதி. வருடக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றியதில் உப்பும் துருவும் சேறாக அங்கே தங்கும். பிளாக் டிரெய்ன் குழாயைக் கழற்றினால் பல வண்டிகளில் ஒரு சொட்டுகூட வராது. கம்பி விட்டுக் கிளறி, எதிர்த்திசையில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் அடித்துத் தெளியும்வரை கழுவுங்கள். ரேடியேட்டரைத் தனியாக ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து மேல்மூடி பிரித்துக் கம்பி ஓட்டச் சொல்லுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது சென்னை மெக்கானிக்குகளின் பழைய வைத்தியம். சேறு அடைத்த இன்ஜினுக்கு அது மருந்தே அல்ல, சுத்தமான இன்ஜினுக்கு அது தேவையும் இல்லை.

சூடான வண்டியை நிறுத்திப் பத்து நிமிடத்தில் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஏர் லாக், அதாவது பைப்பில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைக்கிறது. பெட்ரோல் பைப் எக்ஸாஸ்ட் பக்கம் நெருங்கிப் போகிறதா என்று பார்த்து விலக்கி, வெப்ப உறை சுற்றுங்கள். கார்புரேட்டருக்குக் கீழே பேக்கலைட் ஸ்பேசர் வைப்பது நிறைய உதவும்.

இப்போது பம்பில் கிடைப்பது ஈ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், இன்ஜினில் உள்ள ஏசி பிராண்டு பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம், கார்க் கேஸ்கட் மூன்றையும் எத்தனால் மென்மையாக்கிக் கரைக்கும். எத்தனால் தாங்கும் குழாயும் டயாஃப்ரமும் போடுங்கள். இன்னொரு விளைவும் உண்டு. தூய பெட்ரோலுக்கு எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று, ஈ20-க்குச் சுமார் 13.5 போதும். அதாவது கார்புரேட்டரின் பழைய ஜெட்டில் (பெட்ரோல் வரும் துளை) இன்ஜின் பெட்ரோல் போதாமல் வறட்சியாக ஓடும். மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கப்போகிறது என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.

பெயிண்ட் வேலையை பிப்ரவரி முதல் மே வரை வைத்துக்கொள்ளுங்கள். மழை மாதங்களில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் ஈரம் பிடித்து வெள்ளை பூத்துவிடும். பேட்டரி மாட்டும் முன், வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் எந்த முனை பாடியில் இணைகிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு.

டியூனிங்: வரிசை மாறக்கூடாது

கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பித் தொடங்குபவர் நாள் முழுக்கத் திருப்பிக்கொண்டே இருப்பார். டேப்பட், பிளக், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டரில் மின்சாரத்தை விட்டுவிட்டு அறுக்கும் முனை), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), அதற்குப் பிறகே கார்புரேட்டர். முந்தையது தவறினால் பிந்தையது எதுவும் நிற்காது.

டேப்பட் குளிர்ந்த இன்ஜினில் 0.25 மி.மீ. எட்டு வால்வுக்கு ஒன்பது என்ற கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். முன்னிருந்து எண்ணி முதல் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது எட்டாவதை வையுங்கள், மூன்றாவது திறந்தால் ஆறாவதை. கூட்டினால் ஒன்பது வர வேண்டும். ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் பொய் சொல்லும், குழியின் மேல் பாலம் போல நிற்கும்.

பிளக் இடைவெளி 0.64 மி.மீ. பாயிண்ட் 0.36 முதல் 0.41 மி.மீ. பாயிண்டில் ஒருபக்கம் குழியும் மறுபக்கம் மேடும் சீக்கிரம் உண்டானால் கண்டன்சரை மாற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இடைவெளி மாறும், எவ்வளவு வைத்தாலும் இன்ஜின் சீராக நிற்காது. வாக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் உள்ளிருக்கும் தட்டு நகர வேண்டும். நகராவிட்டால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, மைலேஜ் குறைவதற்கு அது முக்கியக் காரணம்.

டைமிங்குக்கு ஒரு 12 வோல்ட் பல்பு போதும். ஒரு ஒயர் டிஸ்ட்ரிபியூட்டர் முனையில், மற்றொன்று பாடியில். சாவியைப் போட்டு, இன்ஜினை அது சுற்றும் திசையிலேயே கையால் சுற்றி, மேனுவல் சொல்லும் குறியில் நிறுத்துங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் உடலை மெல்லத் திருப்பி, பல்பு எரியத் தொடங்கும் புள்ளியில் இறுக்குங்கள். ஃபயரிங் வரிசை 1-3-4-2. பிறகு சாலையில் சோதனை: டாப் கியரில் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது சலங்கை போல உலோகச் சத்தம் வந்தால் டைமிங்கை இரண்டு டிகிரி தாமதப்படுத்துங்கள்.

இப்போது கார்புரேட்டர். இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்க விலகியிருக்க வேண்டும். முதலில் மேனிஃபோல்ட் இணைப்பிலும் த்ராட்டில் ஷாஃப்ட் ஓரத்திலும் தண்ணீர் ஸ்ப்ரே அடியுங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது, அதை அடைக்காமல் மேலே போகாதீர்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறங்கள். அங்கிருந்து கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் அதிவேகமாகவும் சீராகவும் ஓடும் இடத்தைப் பிடித்து, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தை நிமிடத்துக்கு 800 சுற்றுக்கு இறக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு முறை செய்தால் சரியாக அமையும். இருபது கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக்கைப் பாருங்கள். வெளிர் காப்பி நிறம் சரி, சுண்ணாம்பு வெள்ளை என்றால் வறட்சி, கரி என்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்).

கூடுதல் சக்தி வேண்டுபவர்களுக்கு: ஒற்றைக் கார்புரேட்டரில் இந்த இன்ஜின் தருவது சுமார் 35 குதிரைத்திறன். இங்கிலாந்துக் கூப்பேயில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் போட்டுக் கூடுதலாக ஏறத்தாழ பத்து எடுத்தார்கள். அதற்கு முன், செலவில்லாமல் மேனிஃபோல்ட் துளையையும் ஹெட் துளையையும் கேஸ்கட்டோடு பொருத்திப் பார்த்துப் படி இல்லாமல் தேய்த்துவிடுங்கள். டிரம் பிரேக்கும் ஆடும் அச்சும் அப்படியே இருக்கும்போது அதற்கு மேல் போவது உசிதமல்ல.

புது இன்ஜினை முதல் 500 கிலோமீட்டருக்கு ஒரே வேகத்தில் நீண்டநேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். அந்த 500 முடிந்ததும் ஆயிலைச் சூடாக இறக்கி மாற்றி, ஹெட் நட்டை இன்ஜின் குளிர்ந்தபின் மறுபடி டார்க் பார்த்து, டேப்பட்டைத் திரும்ப வைத்து, டிரன்னியனுக்கு ஆயில் விட்டு, பாடி போல்ட்டுகளை ஒரு சுற்று இறுக்கிப் பாருங்கள். ரப்பர் பேடு உட்கார்ந்ததில் அவை அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.